சாத்தானுக்குப் பதில் சொல்லக் கூடாது

— கொம்பைத் தொடாதீங்க.

— தொடலை மாப்ள. தூசியைத் தட்டலாமேன்னு பார்த்தேன்.

— தூசி இருந்தா இருக்கட்டும். கொம்பும் என்னுது, தூசியும் என்னுது. வந்த விஷயத்தைச் சொல்லிட்டுக் கிளம்புங்க, மருந்துக்கடைக்காரரே. கரண்ட் வந்ததும் இந்த கேட்டுக்கு வெல்டிங் வச்சு முடிக்கணும்.

— மருந்துக்கடைக்காரரேவா? நான் உங்க பொண்டாட்டி கூடப் பிறந்த அண்ணன். முன்னெல்லாம் வாய் நிறைய மச்சான் மச்சான்னு கூப்பிடுவீங்க.

— அதெல்லாம் அவளோடவே போச்சு. பதினோரு வருஷமா இந்தக் கடை வாசலை மிதிக்காத ஆளு, இன்னைக்கு என்ன திடீர்னு?

— மிதிக்காம என்ன, நாலஞ்சு தடவை வந்தேன். நீங்கதான் என்னைப் பார்த்ததும் மூஞ்சிக்கு முன்னாடி வெல்டிங் கண்ணாடியைப் பிடிச்சுக்குவீங்க. மெஷின் ஓடாதபோதும் பிடிச்சுக்குவீங்க.

— இப்பவும் பிடிச்சிருப்பேன். கை எண்ணெயா இருக்கு. விஷயத்தைச் சொல்லுங்க.

— அதாவது… சர்ச்ல நாடகத்தை மறுபடி போடப் போறாங்க.

— காதுல விழுந்துச்சு.

— அதே வனாந்தர நாடகம்தான். இயேசு நாற்பது நாள் பட்டினி கிடக்கிறார், சாத்தான் வந்து ஆசை காட்டுறான். திரை, அங்கி எல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு. நீங்க தகரத்துல வெட்டின இந்தக் கொம்பும், சைக்கிள் செயின்ல கோத்த வாலும்தான் பாக்கி.

— அதுக்குத்தானா இவ்வளவு பீடிகை? எடுத்துட்டுப் போங்க. பழைய இரும்புக்காரன்கூட வேணாம்னுட்டான். எந்தப் பய மாட்டிக்கப் போறான்?

— பய இல்லை.

— பின்னே?

— உங்க பொண்ணு.

— யாரு?

— அவ உங்ககிட்ட சொல்லலையா? எனக்கே நேத்துதான் தெரியும். கமிட்டியில வாசிச்சாங்க, இயேசு வேஷத்துக்குப் போதகரோட தம்பி மகன், சாத்தானுக்கு வெல்டர் பொண்ணுன்னு. எல்லாரும் திரும்பி என் மூஞ்சியைப் பார்த்தாங்க. நான் கூரையைப் பார்த்தேன்.

— நடக்காது. என் பொண்ணு அந்த மேடையில கால் வைக்க மாட்டா. அவளுக்கு அந்த வேஷமே வேணாம். வாலு, கொம்பு, கருமாந்திரம் எல்லாத்தையும் இப்பவே கட்டர்ல போட்டு அறுத்துடறேன்.

— அறுக்க கரண்ட் இல்லையே மாப்ள.

— கிண்டலா?

— இல்லை. வாய் தவறி வந்துடுச்சு. பாருங்க, நான் அவளைத் தடுக்கச் சொல்லி வரலை. வேற ஒண்ணு. அந்த சட்டத்தையும் சேர்த்துக் கொண்டு வரணுமாம்.

— எந்தச் சட்டம்?

— உங்களுக்குத் தெரியாதா? கரி பூசினதுலேர்ந்து, நாடகம் முடிஞ்சு முகத்தைக் கழுவி ஜெபம் பண்ற வரைக்கும், சாத்தான் வேஷக்காரர்கிட்ட யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாதுங்கற சட்டம். பழைய வழக்கம், விடக் கூடாது, அப்பத்தான் பயபக்தி இருக்கும்கறாங்க இப்ப இருக்கிற பசங்க. மூக்குக்குக் கீழ மீசையே ஒழுங்கா முளைக்கலை, பாரம்பரியம் பேசறானுங்க.

— பேசட்டும். நம்ம நாடக வாத்தியார் பேசாத பேச்சா? ஏவாள் செஞ்ச முதல் தப்பு பழத்தைத் தின்னது இல்லடா, பாம்பு கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாளே, அதுதான்டா. அவனுக்குப் பதில் சொல்லிட்டா பாதிக் கதவு திறந்த மாதிரின்னுவார். எனக்குக் கரி பூசிவிடற பையன்கூட வாயில துணியைக் கட்டிக்கிட்டுத்தான் பூசுவான். கண்ணுக்குள்ள கரி விழுந்தாக்கூட ‘ஐயோ’ன்னு சொல்ல மாட்டான்.

— தண்ணி வேணும்னா நீங்க சைகைதான் காட்டணும்.

— சைகைக்கும் ஆளு வராது. டம்ளரைத் தரையில வச்சுட்டு ஓடிடுவானுங்க, நாய்க்கு வைக்கிற மாதிரி. என்கிட்டப் பேச அனுமதி ஒரே ஒரு ஆளுக்குத்தான். இயேசுவுக்கு. அதுவும் மேடையில, எழுதின வசனம் மட்டும். அந்த ஆளு யாருன்னு உங்களுக்கு நல்லாவே தெரியும்.

— நான்தான்.

— நீங்கதான். வெள்ளை அங்கி, ஒட்டுத் தாடி, கடையிலேர்ந்து வந்த மருந்து வாசனை. அந்த மூஞ்சியை மறப்பேனா?

— திட்டுங்க மாப்ள. திட்டத்தானே இவ்வளவு வருஷம் காத்துக்கிட்டிருக்கீங்க.

— திட்டி என்ன ஆகப் போகுது? மேடைக்குப் பின்னாடி பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா செருப்புகூடப் போடாம ஓடி வந்தாங்க. ‘அவளுக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும், புருஷனை வரச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்கா’ன்னு அழுதாங்க. அந்த அறையில எத்தனை பேர் இருந்தீங்க? ஒருத்தருக்காவது நாக்கு இருந்துச்சா? நான் மேடையில தனியா நின்னு, அவரைக் கல்லை அப்பமாக்க வைக்கறேன் பாருன்னு கத்திக்கிட்டிருக்கேன், உங்களுக்கு உள்ள விஷயம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அடுத்த காட்சிக்குத் தாடியைச் சரி பண்ணிக்கிட்டு மேடைக்கு வந்தீங்க.

— ஆமா. வந்தேன்.

— முடிச்சுட்டுக் கழுவிட்டு வர்றேன், அப்பதான் சொல்றாங்க. கரி பாதி ஒட்டிக்கிட்டிருக்கு, வால் பின்னாடி தொங்குது, அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசல்ல நிக்க வச்சு யாரு நீன்னு கேட்டான் காவல்காரன். உள்ள போனா, முகத்தை மூடிட்டாங்க. நர்ஸம்மா சொன்னாங்க, கடைசி வரைக்கும் கதவையே பார்த்துக்கிட்டிருந்தாளாம்.

— அவ என் தங்கச்சி மாப்ள. நான் தூக்கி வளர்த்தவ. எனக்கு மட்டும் வலிக்காதா?

— வலிச்சா சொல்லியிருக்கணும்.

— அதைத்தான் நான் இப்ப சொல்ல வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நான் சபைக்கு முன்னாடி எழுந்து நிக்கப் போறேன். போதகர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார்.

— நின்னு?

— என் தங்கச்சி சாகும்போது புருஷன் முகத்தைப் பார்க்காம போனதுக்குக் காரணம் நான்தான்னு சொல்லப் போறேன். சட்டம் சட்டம்னு ஒரு உயிர்கிட்ட வாயை மூடிக்கிட்டேன். இன்னொரு தடவை அந்தச் சட்டம் வேண்டாம்னு கேக்கப் போறேன். என் மூஞ்சியைப் பார்த்துட்டு யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. உங்க பொண்ணு ஆடட்டும். ஆனா அவகிட்ட எல்லாரும் பேசட்டும். தாகமான்னு கேக்கட்டும். வீட்ல ஒண்ணுன்னா ஓடிப் போய்ச் சொல்லட்டும்.

— சபைக்கு முன்னாடியா?

— சபைக்கு முன்னாடிதான். என் பொண்டாட்டி நேத்துலேர்ந்து சோறு வைக்கறா, பேச மாட்டேங்கறா. கடைக்கு வர்றவங்க இனிமே எப்படிப் பார்ப்பாங்களோ. பார்க்கட்டும். உங்களுக்கும் கொஞ்சம் மனசு ஆறும் இல்லையா? நீங்க இத்தனை வருஷமா சொன்னதை நானே என் வாயால சொல்லிட்டா?

— அப்பா! கரண்ட் இல்லைன்னா வீட்டுக்கு வந்து சாப்பிட வேண்டியதுதானே, இருட்டுல யார்கிட்ட… மாமா?

— வாம்மா. நல்லா இருக்கியா?

— இருக்கேன் மாமா. ஐயோ, நிஜமாவே நீங்கதானா? அப்பா, மாமாவை உட்காரச் சொல்லலையா? ஸ்டூல் மேல கொம்பு உட்கார்ந்திருக்கு, மாமா நிக்கறாரு!

— நீ வாயை மூடு பாப்பா. நாடகத்துல ஆடறியாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?

— சொன்னா விடுவீங்களா?

— விட மாட்டேன்.

— அதான் சொல்லலை.

— உங்கம்மா செத்த அன்னைக்கு நடந்த நாடகம்டி அது.

— தெரியும்பா. நீங்க வாரத்துக்கு ஒரு தடவை சொல்வீங்களே. தலைவலி மாத்திரை வாங்கக்கூட ரெண்டு தெரு சுத்திப் போகணும், மாமா கடை வாசல்ல நிழல்கூட விழக் கூடாது. ஆனா அந்த நாளைப் பத்தி எனக்குன்னு ஞாபகம் இருக்கக் கூடாதா? எனக்கு எட்டு வயசு. அதுக்கு முந்தின வருஷமெல்லாம் நீங்க மேடைக்கு வந்தா நான் அம்மா முந்தானைக்குள்ள ஒளிஞ்சுக்குவேன். அந்த வருஷம்தான் பயப்படலை. அம்மா உடம்பு முடியலைன்னு வீட்லயே இருந்துட்டாங்க. நான் முன் வரிசையில தனியா உட்கார்ந்திருந்தேன். நீங்க சிரிச்சீங்க பாருங்க, அந்த சிரிப்பு! நான்தான் முதல்ல கை தட்டினேன். அப்புறம் எல்லாரும் தட்டினாங்க. சாத்தானுக்கு எந்த சபையிலப்பா கை தட்டுவாங்க?

— தட்டினாங்க. ஆமா.

— அம்மா போறதுக்கு முன்னாடி எனக்கு இருக்கிற கடைசி சந்தோஷம் அதுதான்பா. அதான் அந்த வேஷம் கேட்டேன். வேற ஒண்ணும் இல்லை.

— அழாதம்மா. மாப்ள, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க.

— நான் எங்க சொல்றேன்? பாப்பா, அந்தத் துணியை எடு. கண்ணைத் துடை. அது இல்லை, அதுல கிரீஸ் இருக்கு.

— மாமா, நீங்க எதுக்கு வந்தீங்க?

— சும்மாதாம்மா.

— சும்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னாடி எழுந்து நின்னு, உங்கம்மா விஷயத்துல எல்லாம் என் தப்புதான்னு சொல்லப் போறாராம்.

— ஓ. சொல்லட்டும். நீங்க எதிர்பார்த்ததுதானே அப்பா.

— எதிர்பார்த்தேன். அதுக்கு இப்ப என்னங்கற?

— ஒண்ணும் இல்லை. சந்தோஷமா இருப்பீங்கன்னு நினைச்சேன். மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?

— புகை. நாள் பூரா புகை.

— கரண்டே இல்லையே மாப்ள.

— மாமா, நான் உங்களை ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது.

— கேளும்மா.

— மேடையில அப்பாகூட நீங்க மட்டும் பேசலாம்தானே? அப்பவே சொல்லியிருக்கலாமே? சட்டம் உங்களை ஒண்ணும் பண்ணாதே.

— வசனம் மட்டும்தாம்மா பேசலாம்.

— அந்த வசனத்துக்கு நடுவுல?

— விடும்மா. இப்ப அதெல்லாம் சொன்னா சாக்கு சொல்ற மாதிரி இருக்கும்.

— சாக்கா இருந்தாலும் பரவாயில்லை. எங்கம்மா சம்பந்தப்பட்டது. எனக்குத் தெரியணும்.

— அதாவது… கடைசி காட்சியில எனக்கு ஒரு வரி இருக்கும். ‘என் கண் முன்னே நில்லாதே, போ!’ அவ்வளவுதான். ஒரே ஒரு ‘போ’. அதைக் கேட்டதும் சாத்தான் ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு, முகத்தைத் திருப்பிக்கிட்டு இறங்கிப் போகணும். அன்னைக்கு நான் அந்த ‘போ’வைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியலை. எதிர்ல அவ்வளவு கூட்டம், பின்னாடி நாடக வாத்தியார் வாயில விரலை வச்சுக்கிட்டு நிக்கறார். எப்படியாவது உங்கப்பா இறங்கி ஓடிட மாட்டாரான்னு, கண்ணால கெஞ்சிக்கிட்டே நாலு தடவை சொன்னேன். ‘போ. போ. இப்பவே போ.’

— நாலு தடவை போன்னீங்களா? எனக்குத் தெரியாதே! நான் அதை நாடகம்னுதான் நினைச்சேன்.

— எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. நான் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் உங்கப்பா ரெண்டு அடி போவார், திரும்பி வருவார், இன்னொரு சிரிப்பு சிரிப்பார். சபையே ஆடிப் போச்சு. அவ்வளவு பிரமாதமா நடிச்சார். அவர் என்ன பண்ணுவார் பாவம்? நான் வசனத்தை மறந்துட்டேன்னு நினைச்சு இழுத்துச் சமாளிச்சிருக்கார். அது அவர் தப்பு இல்லை. நான் அந்த ஒட்டுத் தாடியைப் பிச்சு எறிஞ்சுட்டு, அத்தனை பேருக்கு முன்னாடி உடைச்சுச் சொல்லியிருக்கணும். சொல்லலை. கோழை நான். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை சொல்லப் போறேன்.

— அப்பா, இது ஏன் எனக்குத் தெரியாது? மாமா வாயே திறக்கலைன்னுதானே சொல்வீங்க எப்பவும்?

— வாயைத் திறக்கறது வேற, சொல்றது வேற.

— அதில்லைப்பா…

— பாப்பா, எனக்கு அந்த வேஷத்துல ஒரு விஷயம் ரொம்பப் பிடிக்கும். சாத்தான் அவரை அவ்வளவு உசரத்துல கொண்டு போய் நிறுத்துவான். நிறுத்திட்டு, குதின்னு சொல்வான். கவனிச்சிருக்கியா? பக்கத்துலதான் நிக்கறான். தள்ளிவிட்டிருக்கலாம். தள்ள மாட்டான். தள்ள அவனால முடியாது. பேசத்தான் முடியும். குதிக்கறதா வேணாமான்னு நிக்கறவன்தான் முடிவு பண்ணணும்.

— இப்ப எதுக்குப்பா பிரசங்கம்?

— பிரசங்கம் இல்லை. நான் யோசிச்சதைச் சொல்றேன். ராத்திரி தூக்கம் வரலைன்னா ஒரு மனுஷன் என்னதான் யோசிப்பான்? பழம் தின்ன கதையிலயும் பாரு. ஆண்டவர் ஆதாமைக் கேட்டார், அவன் ஏவாளைக் கை காட்டினான். ஏவாளைக் கேட்டார், அவ பாம்பைக் கை காட்டினா. பாம்பை மட்டும் ஏன்டா இப்படிப் பண்ணினேன்னு ஒரு வார்த்தை கேக்கலை. நேரா தண்டனைதான்.

— மாப்ள, என்ன சொல்ல வர்றீங்க?

— உங்க தங்கச்சி போனதும் போதகர் உங்களைக் கேட்டார். உங்க அம்மா உங்களைக் கேட்டாங்க. தையல்காரம்மாவை, நாடக வாத்தியாரை, கரி பூசின பையனைக்கூட விடலை, ஏன்டா சொல்லலைன்னு எல்லாரையும் கேட்டாங்க. என்னை மட்டும் யாரும் ஒண்ணும் கேக்கலை. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன்கிட்ட என்னத்தைக் கேக்கறதுன்னு விட்டுட்டாங்க. நானும் வசதியா உங்களைக் கை காட்டிக்கிட்டே உட்கார்ந்துட்டேன்.

— உங்ககிட்ட கேக்க என்ன இருக்கு?

— ஞாயிற்றுக்கிழமை நீங்க எழுந்திரிக்க வேண்டாம்.

— இல்லை மாப்ள, நான் முடிவு பண்ணிட்டேன். சொல்லாம என்னால இனிமே…

— வேண்டாம்னு சொல்றேன்ல. எத்தனை தடவை போன்னு சொன்னதா சொன்னீங்க?

— நாலு.

— நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க.

— நாலுதான். ஏன்?

— நாலு இல்லை. அஞ்சு.

— அஞ்சாவது… அது வசனமே இல்லையே மாப்ள. வாய்க்குள்ளயே முனகினேன். அது யாருக்கும் கேட்டிருக்காது. அவ்வளவு கைதட்டல்.

— அப்பா? என்னப்பா? ஏன் இப்படி உட்கார்ந்துட்டீங்க?

— நீ அங்கயே இரு பாப்பா, கிட்ட வராத. இதைச் சொன்னப்புறம் உனக்குப் பிடிச்சா வா. அஞ்சாவது தடவை நான் அவர் தோளை உரசிக்கிட்டு நின்னேன். என் காதுகிட்ட குனிஞ்சு, ‘வீட்டுக்குப் போங்க மாப்ள’ன்னார். அந்த நாடகத்துல சாத்தானுக்கு வீடு கிடையாது. அவன் யாருக்கும் மாப்பிள்ளையும் கிடையாது. எனக்கு நல்லாக் கேட்டுச்சு, மச்சான். கேட்டுட்டுத்தான், கை தட்டறாங்களேன்னு இன்னொரு தடவை சிரிச்சேன்.